முந்திக்கொண்ட வால்

மேலத்தெரு நாய்களுக்குத் தலைவன் கருவாயன். கீழத்தெருத் தலைவன் முன்பு ஒருநாள் இவன் தெருவுக்குள் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து, இவன் காதைக் கிழித்துவிட்டுப் போயிருந்தான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இப்போது சந்தை நாய்கள் கூட்டமாக வந்து கறிக்கடை எலும்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போயின. ஒரு தெரு நாய்கள் மட்டும் நின்று அவற்றை விரட்ட முடியாது. அடுத்த தெருவில் உதவி கேட்கப் போகிறவன் வாலை மடக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது நாய்களின் வழக்கம். அதை நினைத்து நினைத்துக் கருவாயனுக்குச் சோறு இறங்கவில்லை. "நாளைக்குக் கீழத்தெருவுக்குப் போய்க் கேட்டுத் தொலைக்கிறேன்" என்று பெண்டாட்டி வெள்ளச்சியிடம் அழாக்குறையாகச் சொல்லியிருந்தான்.

அன்று சாயங்காலமே கீழத்தெருவின் புதுத் தலைவன் செவலை வந்தான். வால் பின்னங்கால்களுக்கு நடுவில் ஒடுங்கியிருந்தது.

"அண்ணே, சந்தைக்காரனுங்க எங்களை ஒரு எலும்பைக்கூடத் தொட விடமாட்டேங்கிறானுங்க. நீங்கதான் துணைக்கு வரணும்."

கருவாயனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கிழிந்த காதைத் திருப்பிக் காட்டினான்.

"இது யார் செஞ்சதுன்னு தெரியுமா?"

"எங்க பழைய தலைவர்தான். தப்புதான் அண்ணே."

"தப்புன்னு அவன் சொன்னானா?"

"அவர் செத்துட்டாரு அண்ணே. அவருக்காக நான் சொல்றேன்."

கருவாயன் முதுகைச் சொறிந்தான். கொட்டாவி விட்டான். எழுந்து போய்ச் சுவரை நனைத்துவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தான். அதுவரை செவலையின் வால் நிமிரவே இல்லை.

"சரி, பார்க்கப் பாவமா இருக்கு. வர்றோம், போ."

செவலை தெருமுனையைத் தாண்டியதும் கருவாயன் மணலில் புரண்டு புரண்டு எழுந்தான்.

"நாளைக்கு நீங்க அங்க போறதா இருந்தீங்களே?" என்றாள் வெள்ளச்சி.

"பேசாம அந்தச் சோத்தை இப்படித் தள்ளு. பசிக்குது" என்றான் கருவாயன்.