பிளவு பார்த்த திசை

ஹைஃபா பல்கலைக்கழக வகுப்பறையில் பிற்பகல் வெயில் மேசைகள் மேல் சாய்ந்து கிடக்கிறது. யூதப் படுகொலையை வரலாறு, வானியல், கட்டடக்கலை மூன்றையும் சேர்த்துப் படிக்கும் மாணவர்கள் திரையையே பார்க்கிறார்கள். முன்வரிசையில் பெரெட்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். போலந்தில் ஒரு தொழுவத்தில் ஒளிந்திருந்த அவருடைய தகப்பனார், சுவர்ப் பலகையின் பிளவில் பிறை பார்த்து, நாள் எண்ணி, யோம் கிப்பூர் பெருநோன்பு இருந்தவர். அவர் நாள் தப்பி நோன்பிருந்தார் என்று எழுபது வருஷமாகச் சிரிப்பவர், சிறுபிள்ளையாக அவரோடு ஒளிந்திருந்த பெரெட்ஸின் ஒன்றுவிட்ட அண்ணன் ஃபைவல். பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு இன்றைக்கும் விடுவதாயில்லை. "பிளவு கிழக்குச் சுவர்லடா. கிழக்குல எவனுக்குடா புதுப் பிறை தெரியும்? உங்கப்பா பார்த்தது எவனோ தூக்கிட்டுப் போன லாந்தரு!"

கட்டடக்கலை மாணவி நோகா, தானே போய் அளந்து வந்த தொழுவத்தைத் திரையில் காட்டுகிறாள். "பிளவு மேற்குல இருக்கு, தாத்தா."

"அந்த வருஷத்துப் பிறை அதுக்கு நேராத்தான் நின்னிருக்கு" என்கிறான் வானியல் படிக்கும் ஈதோ.

"அடப் போங்கப்பா! சித்தப்பா அந்தப் பிளவைப் பார்த்து நின்னுதானே ஜபம் பண்ணுவார்? நாம ஜெருசலேம் இருக்கிற கிழக்க பார்த்துத்தானே…" ஃபைவலின் கை அந்தரத்தில் நிற்கிறது. மாதந்தோறும் பிறைக்கும் ஒரு ஜபம் உண்டு. அதைப் பிறையைப் பார்த்துத்தான் சொல்வார்கள் என்பது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஃபைவல் தடியை ஊன்றி எழுகிறார். "சித்தப்பா நாள் தப்பலை" என்கிறார் மெதுவாக.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே" என்கிறார் பெரெட்ஸ். "பின்வரிசைக்குக் கேக்கலை."

ஃபைவல் உரக்கச் சொல்கிறார். மாணவர்கள் மேசைகளைத் தட்டுகிறார்கள். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்கின்றன.