பிரேக்கில் ஏறிய காற்று

“மேலே இருக்கிறவனை மிதிக்கச் சொல்லுங்கய்யா,” என்று ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்த பவுல் சொன்னான்.

போதகர் தேவபிரசாதம் ஸ்டியரிங் பக்கம் திரும்பினார். “எஸ்றா, மிதிக்கணுமாம்.”

“நீங்க சொன்னா மிதிக்கேன்யா. அவன் சொன்னா எனக்குக் கேக்காது,” என்று எஸ்றா பிரேக்கை மூன்று தடவை மிதித்தான்.

பவுல் கட்டியிருப்பது எஸ்றாவின் தங்கையை. துறைமுகச் சாலையில் இருவருக்கும் ஒரே பட்டறை. பத்து மாதமாக அதன் நடுவில் ஓர் ஓலைத் தட்டி நிற்கிறது.

கோயிலில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காய்க்காகத் தொடங்கிய சண்டை. ‘அவன் வருகிற கோயிலுக்கு நான் வரமாட்டேன்’ என்று ஆளுக்கு ஆள் சொல்லி, இரண்டு பேருமே ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதில்லை.

எட்டு வருஷத்தில் போதகர் தீர்த்துவைக்காத சண்டை இது ஒன்றுதான். அடுத்த மாதம் அவருக்கு மாற்றல். வருகிற ஞாயிறு பிரதிஷ்டைப் பண்டிகை. அதற்குள் இருவரையும் அருகருகே முழங்காலிட வைக்காவிட்டால், புதிதாக வரும் போதகரிடம் சபைச் சாவியோடு பூசணிக்காயையும் ஒப்படைக்க வேண்டியதுதான். வருகிறவர் இவருக்கு ஜூனியர். சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள் வேறு.

பத்து மாதம் ஜெபித்துப் பார்த்தார். நடக்கவில்லை. அன்று காலை ஸ்பானரை எடுத்தார்.

தேரிச் செம்மணல் மேட்டிலும் உப்பளச் சேற்றிலும் நாலு சக்கரமும் இழுத்து ஏறுகிற மிஷன் ஜீப் அது. அதன் பிரேக் ஆயிலை மாற்றி ஏர் எடுப்பதை அவர் முன்பு பார்த்திருக்கிறார். ஒருவன் மேலே மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவன் அடியில் சக்கரத்து நிப்பிள் என்கிற சின்னத் திருகாணியைத் திறந்து, காற்றும் ஆயிலும் ரப்பர் குழாய் வழியாகப் போத்தலில் இறங்கியதும் மூட வேண்டும். மூடுவதற்குள் மேலே காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் முடியாத வேலை.

ஆகவே பின்சக்கர நிப்பிளை அவரே தளர்த்தினார். மாப்பிள்ளையூரணியிலிருந்து பட்டறை வரை பிரேக் இல்லாமல், முதல் கியரில், ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

“நிப்பிளு தானாக் கழலாதேய்யா,” என்றான், வண்டி வந்ததும் குனிந்து பார்த்த பவுல்.

“தேரி ரோடு அப்படிப்பா.”

“அப்ப நீங்களே ஏறி மிதிங்க.”

“எனக்கு மூட்டு வலி,” என்றார் போதகர். அன்றைக்கு அது இரண்டாவது பொய். எஸ்றா தட்டியைச் சுற்றி வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

பழைய ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வடிந்தது. புதிது ஊற்றி, பின்சக்கரத்தில் தொடங்கினார்கள்.

“பிடிக்கச் சொல்லுங்கய்யா.”

போதகர் இருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எரிச்சலில் ஒருவனாவது நேராகக் கத்துவான் என்று எதிர்பார்த்தார். பிறகுதான், “எஸ்றா, பிடிக்கணுமாம்,” என்றார். எஸ்றாவின் கால் எப்போதோ அழுத்திப் பிடித்திருந்தது.

அடுத்த சக்கரத்தில் வேண்டுமென்றே குழப்பிப் பார்த்தார். நிப்பிள் திறந்திருக்கும்போதே, “எஸ்றா, விடணுமாம்,” என்றார்.

கால் அசையவில்லை. அடியில் ஸ்பானர் இறுகும் சத்தம் அடங்கிய பிறகே மேலே வந்தது.

போதகருக்கு நெஞ்சு குளிர்ந்தது. வாய்தான் பேசவில்லை, மனசு ஒட்டித்தான் இருக்கிறது என்று நினைத்தார்.

“எமர்ஜென்சி போட்டது டெல்லியில. உங்க பட்டறையில யாருப்பா போட்டது?” என்றார். “ஞாயித்துக்கிழமை பண்டிகை. ரெண்டு பேரும் வந்துருங்க.”

“அவன் வந்தா நான் வரல,” என்றது அடியிலிருந்து குரல்.

“அவன் வரமாட்டேன்னு சொன்னாலும் வந்துருவான்யா. நம்ப முடியாது. அதனால நானும் வரல,” என்றான் எஸ்றா.

“அந்தப் பூசணிக்காயை யாருப்பா தின்னது கடைசியில?”

“உபதேசியார் வீட்டு ஆடு,” என்றான் அடியிலிருந்து பவுல்.

“பின்னே எதுக்குச் சண்டை?”

“கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லாய்யா,” என்றான் எஸ்றா.

நாலு சக்கரமும் முடிந்தது. பவுல் எழுந்து தட்டிக்கு அந்தப் பக்கம் போனான். எஸ்றா இறங்கி இந்தப் பக்கம் போனான். போதகர் இரண்டு பக்கமும் பொதுவாக ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

தெருமுனையில் உப்பு லாரி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். ஜீப் ஆணி அடித்து நிறுத்தியதுபோல் நின்றது.

அவருக்கு உறுத்தியது. சபையை வாரம் தவறாமல் பாவ அறிக்கை சொல்லவைக்கிறவர், காலையிலிருந்து ஒரு திருகாணியையும் இரண்டு பொய்யையும் சுமந்துகொண்டு திரிகிறார். இரண்டு பேரை அரை நாள் வேர்க்க வைத்திருக்கிறார். போய் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்தார். போதகரே தலைகுனிந்து நின்றால் அவர்களும் இறங்கி வரலாம். அது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி.

ஜீப்பை ஓரம்கட்டிவிட்டு நடந்தே திரும்பினார். பட்டறை வாசலில் நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாயெடுத்தார்.

உள்ளேயிருந்து பவுலின் குரல் கேட்டது.

“ஐயா போயிட்டாரு மச்சான், ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு மீன்பிடிக்கக் கிளம்புதோம்?”