வலிக்கிற கை முதலில்

“வலிக்கிற கை முதல்ல,” என்றான் சுதீர், சட்டையை விரித்துப் பிடித்தபடி.

ரக்ஷிதா வலது கையைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் குனிந்தாள். அவள் கணவன் சட்டைக் கையை வளையம்போலச் சுருட்டி, அவள் விரல்களில் மாட்டி மெல்ல மேலே ஏற்றினான். முழங்கை தாண்டியது. தோளருகே வந்ததும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

“மூச்சு விடு. வலிச்சா நான் சொல்றேன்.”

வலிக்கவில்லை. லேசாக இழுத்தது, அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே, ஆனேக்கல் தாண்டி ஒரு செம்மண் மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் நண்பர்களும் அங்கேதான் டர்ட் பைக் ஓட்டுவார்கள். மழைக்காலம் முடிந்த சமயம். மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கும்போது முன்சக்கரம் மடங்கிவிட்டது. அவள் ஒரு பக்கம் போய் விழுந்தாள். வண்டி அவள் தோள்மேல் வந்து விழுந்தது.

எலும்பு துண்டு துண்டாகியிருந்தது. உள்ளே தகடு வைத்து, திருகு முடுக்கித் தைத்தார்கள். கை பழையபடி மேலே வருமா என்று கேட்டாள்.

பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து குளிக்க, உடுத்த, தலைமாட்டுத் தலையணையைச் சரிசெய்ய, எல்லாவற்றுக்கும் சுதீர்தான். இரவெல்லாம் அமெரிக்காக்காரர்களோடு பேசும் வேலை அவனுக்கு. விடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வான். கதவில் மாட்டிய கயிற்றைப் பிடித்து அவள் கையைத் தூக்கப் பழகும்போது, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் கெட்ட வார்த்தையில் திட்டினாலும் எழுந்து போகமாட்டான். பெரும்பாலும் அவனைத்தான் திட்டுவாள்.

கை இப்போது மார்பு உயரம்வரை வந்துவிட்டது. அதற்கு மேல் வர மறுக்கிறது.

தலை பின்னத்தான் இரண்டு கையும் மேலே போக வேண்டும். முடியை ஒட்ட வெட்டிவிடப்போகிறேன் என்று ஒருநாள் அழுதாள். அவன் மறுநாள் சிவாஜிநகர் போய் அகலப் பல் சீப்பு ஒன்று வாங்கி வந்தான். முதல் பின்னல் கயிறு முறுக்கியது மாதிரி இருந்தது. இப்போதெல்லாம் பக்கத்து வீட்டு அனுஷாவே எங்கே கற்றுக்கொண்டான் என்று கேட்கிறாள்.

இன்றைக்கும் பின்னி முடித்துத்தான் சட்டையை எடுத்தான். வெளியே போகும்போது போடுகிற நல்ல சட்டை. நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவன் அவசரப்படவில்லை.

மேல் பொத்தானைப் போடும்போது, அவள் கண்ணைப் பார்க்காமல் கேட்டான்.

“கை சரியானா மறுபடி ஓட்டுவியா?”

இத்தனை நாளில் அவன் கேட்காத கேள்வி.

பொய் சொல்லலாமா என்று நினைத்தாள். இவ்வளவு செய்கிறவனுக்கு ஒரு பொய்யையாவது கொடுக்கலாம்.

“ஓட்டுவேன், சுதீர்.”

அவன் விரல்கள் அடுத்த பொத்தானில் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அதைத் துளைக்குள் தள்ளினான்.

“அப்போ எக்சர்சைஸை ஒழுங்கா பண்ணு. நேத்து பாதியிலயே விட்டுட்ட.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கீழே வாடகைக் கார் வந்து ஹார்ன் அடித்தது. லிங்கராஜபுரம் வீட்டிலிருந்து போகும் வழியெல்லாம் சுதீர் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் “மெதுவா அண்ணா” என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு கை அவள் தோளுக்கும் சீட்டுக்கும் நடுவே இருந்தது. பள்ளம் வந்தபோதெல்லாம் அடியை அந்தக் கை வாங்கிக்கொண்டது.

குடும்ப நீதிமன்ற வாசலில் வக்கீல் காத்திருந்தார்.

விவாகரத்து கேட்டு இருவரும் சேர்ந்து மனு போட்டபோது அவள் கை நன்றாக இருந்தது. அதற்கும் முந்தைய வருடமே அவன் வேறு ஏரியாவில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒவ்வொரு ஞாயிறும் எந்த போன் வருமோ என்று பயந்து உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அந்த போன் வந்த ஞாயிறு, ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்ததும் அவன்தான். வந்தவன் ரூமுக்குத் திரும்பிப் போகவேயில்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவுமில்லை.

வாய்தா தேதி மட்டும் தன்பாட்டில் வந்து நின்றது.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கி இருவரையும் பார்த்தார். சம்பிரதாயமான கேள்விதான்; வருகிற எல்லோரிடமும் கேட்பது. கன்னடத்தில் கேட்டார்: இப்போதும் இருவரும் தனித்தனியாகத்தானே வசிக்கிறீர்கள்?

ஆமாம் என்று சொல்லுங்கள் என வக்கீல் கண்ணைக் காட்டினார்.

சுதீர் தரையைப் பார்த்தான். அவன் காதுமடல் சிவந்திருந்தது. என்ன பதில் சொல்வதென்பதை அவளுக்கே விட்டுவிட்டான் என்று ரக்ஷிதாவுக்குப் புரிந்தது.

அவளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. பதில் மட்டும் தமிழில்தான் வந்தது.

“இல்ல மேடம். எங்க வீட்லதான் இருக்காரு.”