ஓடாத படத்தின் ஒரே ரசிகன்

"உன் புருஷன் இன்னிக்கும் அந்தக் கௌபாய் படத்துக்குத்தான் டிக்கெட் வாங்குறாரு, எர்சிலியா. நானே பார்த்தேன்" என்றாள் எதிர்வீட்டு இனேஸ். "நம்ம இத்தாலிக்காரங்களே எடுத்த படம். ரோமே காறித் துப்புது. ஆள் பிடிக்கக் காசில்லாம, செத்தவனே மறுபடி வந்து சாகிறானாம்! கதாநாயகி மட்டும் அழகாம். பார்த்துக்கோ!"

எர்சிலியாவுக்குச் சுருக்கென்றது. கௌபாய் படம் என்றாலே முகம் சுளிக்கிறவன் துய்லியோ. நேற்றும் வேலையில் தாமதம் என்றுதான் சொல்லியிருந்தான். சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கொட்டகையில் மொத்தமே நாலைந்து பேர். அவர்களும் திரையைப் பார்த்து விசிலடித்துக் கிண்டல் செய்தார்கள்.

"சும்மா இருங்கப்பா! வசனம் கேட்க வேணாமா?" என்று எரிந்து விழுந்தான் துய்லியோ.

அவன் பக்கத்தில் எந்தப் பெண்ணும் இல்லை. அப்படியானால் திரையில் இருப்பவள்தான். எர்சிலியா ஓரமாக நின்று அவன் முகத்தையே கவனித்தாள். கதாநாயகி வந்ததும் அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"என்னை விட்டுட்டுப் போயிடாதே" என்றாள் கதாநாயகி.

எர்சிலியா உறைந்து போனாள். அது அவளுடைய குரல். பெயர்கூட நினைவில்லாத எத்தனையோ மட்டமான படங்களுக்கு அவள் இரவல் கொடுத்த குரல். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து பேச்சே போவதற்கு முன், கடைசியாகக் கொடுத்தது.

தோளில் கை பட்டதும் துய்லியோ திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"நாளையோட படத்தை எடுத்துடுறாங்க, எர்சிலியா" என்றான். "உக்காரு. இன்னும் ஒரு சீன்ல நீ பேசுவே."