முகஜாடை

பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் அன்றைக்கு வேடிக்கை அந்தப் பையன்தான்.

தியாகதுருகம் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் புளியமரம் ஒன்றை வெட்டி ரோட்டில் குறுக்கே சாய்த்திருந்தார்கள். இடஒதுக்கீட்டு மறியல். எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. ஜனமெல்லாம் இறங்கி, வெட்டாமல் விட்டிருந்த இன்னொரு மரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டது. தண்ணி இல்லை, சோறு இல்லை. வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பையனுக்கு இடுங்கிய கண், சப்பை மூக்கு, சிவந்த கன்னம். கூர்க்கா என்றார் கண்டக்டர். சீனாக்காரன் என்றார் பக்கத்தில் வெற்றிலை மென்றவர்.

"நீ இன்னா ஜாதிப்பா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள் தைலம்மாள். மறியல் ரோட்டில் அதைவிட நியாயமான கேள்வி ஏது!

பக்கத்தில் இருந்த மருமகள் தங்கமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கேள்வி யார்மேல் விழுந்தாலும் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

பையன் கோபித்துக்கொள்ளவில்லை. பேர் நாதிர். ஆப்கானிஸ்தான். புதுச்சேரியில் படிக்கிறான். தெரிந்த தமிழைக் கூட்டிக் கூட்டிச் சொன்னான். அவர்கள் ஹசாரா என்கிற ஜனமாம். செங்கிஸ்கான் படையோடு வந்து தங்கிவிட்ட சிப்பாய்களின் வம்சம் என்று சிலர் சொல்கிறார்களாம். இல்லை, அந்த மலையிலேயே ஆதியிலிருந்து இருந்தவர்கள் என்றும் சொல்கிறார்களாம்.

எது நிஜம் என்று கேட்டார் கண்டக்டர்.

"எங்களுக்கே தெரியாது சார். ஆனா எங்க மூஞ்சிய பாத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். மூட்டை தூக்கத்தான் கூப்பிடுவாங்க."

"ஐயோ பாவமே," என்றாள் தைலம்மாள். "நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாதும்பாங்க. எவன் எங்கேருந்து வந்தா இன்னா? இல்லியா தங்கம்?"

ஜாதி கேட்ட வாய்தான் இதையும் சொன்னது. சொல்லிவிட்டு மருமகளையே பார்த்தாள்.

தங்கமணி தலையை மட்டும் ஆட்டினாள். காஞ்சிபுரத்திலிருந்து வேட்டைக்கு வந்த அண்ணன் தம்பிகள் மலையிலேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்கள், அவர்கள் வம்சம் நாம் என்று அவள் அப்பா சொல்லுவார். அந்தக் கதை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

அவளுக்கு வெள்ளிமலைப் பக்கம். அங்கே ஜீப் ஓட்டப்போன அரங்கநாதன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டான். மலைக்காரி என்று தெரிந்தால் தன் அம்மா வீட்டுப்படி ஏற்றமாட்டாள் என்று பயந்தான். ஆத்தூர்ப் பொண்ணு, அப்பா அம்மா இல்லாதவள் என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சொன்ன பொய் அது. நாலு வருஷமாக, மாமியார் ஊரான எலவனாசூர்கோட்டையில் அவள் அப்பா செத்தவர்தான்.

பின்னால் நின்ற பஸ்களிலிருந்து இறங்கி ஜனம் நடக்கத் தொடங்கியிருந்தது. அதில் ஒருவர் தலையில் சாக்கு மூட்டையோடு வந்தார்.

அப்பா!

அவரும் பார்த்துவிட்டார். கால் நின்றது. ஆனால் வாயைத் திறக்கவில்லை மனுஷர்.

நாதிர் அவரைப் பார்த்தான். தங்கமணியைப் பார்த்தான். முகத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்கிற ஊரில் வளர்ந்தவன் அல்லவா?

"அக்கா, உங்க அப்பாவா?" என்றான், சந்தோஷமாக.

நிழலில் இருந்த தலையெல்லாம் திரும்பின.

"சீச்சீ, இல்ல," என்றாள் தங்கமணி. "எங்கப்பா செத்து நாலு வருஷம் ஆவுது."

சொன்ன மறுவினாடியே தன்னைத் திட்டிக்கொண்டாள். பாவி, இல்லை என்றால் போதாதா? சீச்சீ எதற்கு? பெற்றவர் காதில் விழுகிற மாதிரி சீச்சீ எதற்கு?

அவர் பையனைப் பார்த்துச் சிரித்தார். "ஆள் மாறிப்போச்சி தம்பி," என்றார். மூட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

நாதிருக்கு முகம் செத்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க அக்கா," என்றான். எழுந்து ஓடிப்போய், விழுந்து கிடந்த மரத்தைத் தாண்ட அவருக்குக் கைகொடுத்தான். பெற்ற மகள் தங்கமணி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். ஓடிப்போய்க் காலில் விழலாம். மாமியார் பக்கத்தில் இருக்கிறாளே. விழவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்து, தைலம்மாள் மடியில் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பேத்தி அப்போதுதான் கண் விழித்தது. ரோட்டைப் பார்த்தது. துள்ளி எழுந்து கையை நீட்டியது.

"சாமைத் தாத்தா! சாமைத் தாத்தா!"

தைலம்மாள் சட்டென்று குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

தங்கமணி திரும்பினாள். அந்தப் பேரை அவளும் கேட்டிருக்கிறாள். வாசலில் சாமை விற்க வருகிற யாரோ கிழவர் என்றுதான் மாமியார் சொல்லி வைத்திருந்தாள்.

"அத்தே..."

தைலம்மாள் மருமகள் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீ சத்துணவு வேலைக்குப் போற நேரமாப் பாத்துத்தான் வருவாரு. பேத்தியத் தூக்கி வெச்சிக்கினு கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடுவாரு. உனுக்குத் தெரியக்கூடாதுன்னு எங்கையில சத்தியம் வாங்கிக்கினாரு. நீயா ஒருநாள் சொல்லுவேன்னு நானும் பாத்துக்கினே இருந்தேன்."

மரத்துக்கு அந்தப்பக்கம் சாக்கு மூட்டை மட்டும் தெரிந்தது.

"இன்னிக்கு நீ லீவு போட்டது அவருக்குத் தெரியாது," என்றாள் தைலம்மாள். "அந்த மூட்டை நம்ம வூட்டுக்குத்தாம்மா போவுது."