பேக்கப் நேரம்

"நம்ம வெப்சைட்டோட பேக்கப்பை இன்னுமா கையால எடுக்கிறீங்க?"

புது மேனேஜரம்மாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பல கிளினிக்குகளுக்கு டோக்கன் போட்டுக் கொடுக்கிற வெப்சைட் அது. அதைக் கட்டிக் காக்கிற சிஸ்டம் அட்மினோ, சர்வர் ரூம் வாசலில் நாற்காலி போட்டுச் சட்டமாக உட்கார்ந்திருந்தார். சாத்திய கதவில், 'பேக்கப் ஓடுகிறது, உள்ளே வராதீர்கள்' என்று ஓர் அட்டை வேறு.

"ஆமா மேடம். காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை."

"ஒரு ஸ்கிரிப்ட் எழுதி விட்டா தானா கிளவுடுக்குப் போயிடுமே! வாசல்ல எதுக்குக் காவல்?"

"பழைய மெஷின் மேடம். நடுவுல யாராவது உள்ள போனா மக்கர் பண்ணும்."

மேனேஜர் கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவர். அவருக்கே காது குத்தப் பார்க்கிறார் மனிதர்!

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆட்டோமேட் பண்ணிடுங்க."

வெள்ளி வந்தது. "அடுத்த வாரம் மேடம்" என்றார். அடுத்த வாரமும் அதே பாட்டு. "வாசல்ல உட்கார்றதையே வேலையாக்கின ஒரே ஆள் நம்ம அண்ணன்தான்" என்று டெவலப்பர்கள் கேலி பேசினார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார்.

இனி இவரை நம்பிப் பயனில்லை, நாமே எழுதிவிடலாம் என்று கிளவுட் கணக்கைத் திறந்தார் மேனேஜர். தினமும் விடியற்காலையில் தானாகப் போய்ச் சேர்ந்த பேக்கப்புகள் அங்கே வரிசையாக இருந்தன. ஸ்கிரிப்ட் போன வருஷமே எழுதியாகிவிட்டது. எழுதியவர் சாட்சாத் அந்த அட்மினேதான்!

கோபம் தலைக்கேற, நேராக சர்வர் ரூமுக்குப் போனார். வாசலில் மனிதர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"தானா நடக்கிற வேலைக்கு இங்க உட்கார்ந்து நாடகம் போடறீங்களா? உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா இப்பவே வேலையை விட்டுப் போங்க."

அட்மினின் முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அவர்.

"போயிடறேன் மேடம். இது முடியற வரைக்கும் மட்டும் இருந்துக்கறேன்."

"எது முடியற வரைக்கும்?"

அதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

வெளியே வந்தவள், பிரசவ லீவு முடிந்து போன மாதம் வேலைக்குத் திரும்பிய டெஸ்டிங் பெண். கையில் ஒரு சின்ன ஐஸ் பை.

"அண்ணா, பாப்பாவுக்கு இன்னைக்கு ரெண்டு பாட்டில் பால் தேறிடுச்சு..."

மேனேஜரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

சுற்றிலும் கண்ணாடிச் சுவர்கள். அந்த ஆபீஸில் மறைவாக உட்கார்ந்து தாய்ப்பால் எடுத்துவைக்க இருந்தது அந்த ஒரே அறைதான்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன் மேடம். கூச்சமா இருந்துச்சு. அண்ணாவை ஒண்ணும் பண்ணிடாதீங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அட்மின் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க? உட்காருங்க" என்ற மேனேஜரின் குரல் உடைந்திருந்தது. அவர் அந்தப் பெண்ணின் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"என் பையனுக்கு நான் பாத்ரூம்ல நின்னுக்கிட்டே எடுத்தேன்மா. எனக்கு இப்படி ஒரு அண்ணன் வாய்க்கல."