மைத்துனனுக்கு ஒரு ஸ்கேன்

"நெஞ்சுல கோளாறுன்னு படுக்க வெச்சுட்டு, தலைக்கு எதுக்குங்க ஸ்கேன்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறீங்களா?"

கிடங்கு மேற்பார்வையாளர் ஸ்கேன் அறை வாசலில் எகிறினார். ஸ்ட்ரெச்சரில் அவர் மைத்துனன் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தான். பக்கத்தில் நின்ற மனைவியோ, தம்பியை விட்டுவிட்டு இவரையே பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

மூட்டைகளை எடைபோட்டுப் போட்டு, மனிதர்களையும் எடைபோடப் பழகியவர் அவர். அந்தத் தராசில் இதுவரை ஒருத்தரும் சரியாக நின்றதில்லை.

இங்கேயும் முதல் நாளே சந்தேகம் தட்டிவிட்டது. மைத்துனனுக்கு ரத்தம் தேவைப்படலாம் என்றுதான் அவரை இழுத்து வந்தார்கள். ஆனால் பையில் பிடிக்காமல், சின்னச் சின்னக் குப்பிகளில் மாற்றி மாற்றி எடுத்தார்கள். கொடுப்பவரின் இதயம் திடமா என்று அவர் நெஞ்சில் வேறு ஜெல்லைத் தடவிப் பார்த்தார்கள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இதய வால்வுல கிருமி தங்கியிருக்கு. அதுல ஒரு துணுக்கு பிய்ஞ்சு மூளைக்குப் போனா, அங்க ரத்தக்குழாயை அரிச்சு பலூன் மாதிரி வீங்க வைக்கும். வெடிச்சா உயிருக்கே ஆபத்து. முன்னாடியே பார்த்துட்டா, தொடை வழியா மெல்லிசா குழாய் விட்டு அடைச்சுடலாம்."

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கான்!"

இவர்களோடு மல்லுக்கட்டியதில் அவருக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. ஏசி குளிரிலும் நெற்றி வியர்த்தது.

"காய்ச்சலை மறைச்சு மறைச்சு வந்த வினைங்க இது," என்று மனைவி வெடித்து அழுதாள். "ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அந்த அழுகையில் பொய் இல்லை.

"ஏண்டா, ஆஸ்பத்திரின்னா அவ்வளவு பயமா உனக்கு?" என்று மைத்துனனைப் பார்த்துக் கத்தினார். "டாக்டர், உடனே எடுங்க. வேண்டாம்னு அடம்பிடிச்சாலும் விடாதீங்க. கட்டிப் போட்டாவது எடுங்க!"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா? மாறினா ஏன்னு கேளுங்க!"

மைத்துனன் போர்வையை உதறிவிட்டு ஸ்ட்ரெச்சரிலிருந்து குதித்து இறங்கினான்.

"நீங்க படுங்க, மாமா."